டைனோசர் செய்ய எது தோது: சொருகு அட்டையா, மடித்த தாளா, காகிதக் கூழா?

காகிதத்தில் டைனோசர் செய்ய மூன்று வழி உண்டு. அட்டையை விலா விலாவாக வெட்டி முதுகுத்தண்டில் சொருகலாம். அச்சிட்ட தாளை வெட்டி, மடித்து, ஒட்டி முழு உருவம் எழுப்பலாம். கசக்கிய செய்தித்தாள் மேல் பசைத்தாள் சுற்றிக் கூழ் பூசி வளர்க்கலாம். முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் கேட்பது "எது சுலபம்?" என்றுதான். அதைவிட உபயோகமான கேள்வி ஒன்று இருக்கிறது: கை தவறினால் எது பொறுத்துக்கொள்ளும்?

சொருகு அட்டையில் ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி வெட்டினால் போதும். கூழில் தப்பு நேர்ந்தால் மேலே இன்னொரு பூச்சு. மடித்து ஒட்டுவதில் மட்டும் மூன்றாவது துண்டில் விட்ட அரை மில்லிமீட்டர், முப்பதாவது துண்டு வரைக்கும் சத்தமில்லாமல் வந்து, கடைசியில் வாலைத் திருகி வைக்கும். இணையத்தில் அச்சு எடுக்கும் கோப்புகள் இலவசமாகக் கிடைப்பதால் பலரும் முதலில் இதில்தான் இறங்குகிறார்கள். பாதியில் நின்றுபோகும் டைனோசர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆகவே எங்கள் கணிப்பு: முதல் மாடல் சொருகு அட்டை, இரண்டாவது கூழ், அதற்குப் பிறகு மடித்து ஒட்டுவது.

ஒப்பிடுவதற்கு ஒரே விலங்கை வைத்துக்கொள்வோம். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் 12.3 மீட்டர் நீளம், இடுப்பருகே சுமார் 4 மீட்டர் உயரம். இதை 20-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் ஏறத்தாழ 61 செ.மீ., இடுப்பு உயரம் 20 செ.மீ., மண்டை 7 செ.மீ. மேசை மேல் வைக்க இது சரியான அளவு. 40-ல் ஒரு பங்கு என்று போனால் முன்னங்கை இரண்டரை செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், விரலை வெட்ட முடியாது. 10-ல் ஒரு பங்கு என்றால் 1.2 மீட்டர், அதற்கு உள்ளே மூங்கில் குச்சி இல்லாமல் எந்தக் காகிதமும் நிற்காது.

சொருகு அட்டை

மளிகைக் கடையில் கிடைக்கும் 3 பிளை பெட்டி அட்டை இதற்குப் போதும்: இரண்டு தட்டைத் தாள், நடுவில் ஒரு நெளி, மொத்தம் சுமார் 3 மி.மீ. கனம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் 5 பிளை பெட்டி 6, 7 மி.மீ. இருக்கும், 60 செ.மீ. உருவத்தில் அதைப் போட்டால் விலா எலும்பு பலகை மாதிரித் தெரியும். இன்னொரு நல்ல சரக்கு, வருடம் முடிந்ததும் வீட்டில் மிஞ்சுகிற தினசரி காலண்டரின் பின்னட்டை. நெளி இல்லாத கெட்டி அட்டை, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கும். ஒரே இழுப்பில் வெட்ட முடியாது என்பதுதான் தொல்லை. ஸ்டீல் ஸ்கேலை நகர்த்தாமல் ஐந்தாறு முறை மெல்ல இழுக்க வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் பிளேடு சாயும், ஓரமும் சாய்ந்தே வரும்.

மண்டையிலிருந்து வால் நுனி வரை பக்கவாட்டுத் தோற்றமாக ஒரே நீள அட்டை, அதன் மேல் குறுக்காக 9 அல்லது 10 விலா, இடுப்புத் தட்டு இரண்டு, கால், பாதம், முன்னங்கை, கீழ்த்தாடை என எல்லாம் சேர்ந்து 25 துண்டுக்குள் முடிந்துவிடும். இவை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது பசை அல்ல, காடி, அதாவது ஒன்றுக்குள் ஒன்று சொருக வெட்டும் பள்ளம். தச்சர் மரத்தில் வெட்டுகிற அதே காடிதான். முதுகு அட்டையில் மேலிருந்து பாதி ஆழம், விலா அட்டையில் கீழிருந்து பாதி ஆழம் வெட்டினால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, மேல் விளிம்பு சமமாக நிற்கும்.

காடியின் அகலம் அட்டையின் கனத்தைவிட ஒரு முடி அளவு குறைவாக இருக்கட்டும். 3 மி.மீ. அட்டைக்கு 2.8 மி.மீ. நெளி அட்டை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் அது இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் எல்லாப் பெட்டியும் ஒரே கனம் இல்லை. அதே பெட்டியின் கழிவுத் துண்டு ஒன்றில் 2.6, 2.8, 3, 3.2 என்று நான்கு காடி வெட்டி, இன்னொரு துண்டைச் சொருகிப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்தால் விழாமலும், கழற்றும்போது அட்டை நசுங்காமலும் இருப்பது எதுவோ அதுதான் உங்கள் அளவு. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் 25 துண்டையும் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். காடி வெட்டும்போது முதலில் இரண்டு நீளக் கோடு, பிறகு உள்முனையில் பிளேடு நுனியை நேராகக் கீழே குத்தி அந்தக் குறுக்குக் கோடு. இழுத்து வெட்டினால் மூலையைத் தாண்டி ஓடும். பின்னால் கிழிவது அந்த இடத்தில்தான்.

அச்சுத்தாளைப் பெரிதாக்கும்போது எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. ஏ4 அளவில் உள்ள வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ3 ஆக்கினால் 141 சதவீதம் பெருகும். எலும்போடு சேர்ந்து காடியும் பெருகி 3 மி.மீ. காடி 4.2 ஆகிவிடும். உங்கள் அட்டையோ அதே 3 மி.மீ. விலா எல்லாம் மழையில் நனைந்த குடைக்கம்பி மாதிரி சாய்ந்து தொங்கும். பெரிதாக்கிய தாளில் காடியின் நடுக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அகலத்தைப் புதிதாக வரையுங்கள். ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால் காடியின் உள்ளோரத்தில் திக்கான தாளில் ஒரு கீற்று ஒட்டி அகலத்தைக் குறைக்கலாம். பசையை ஊற்றி நிரப்புவது வேண்டாம். நெளி நீரை உறிஞ்சி இன்னும் தளர்ந்துவிடும்.

நெளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கால் துண்டில் நெளி மேலிருந்து கீழாக ஓடினால் எடையைத் தாங்கும். குறுக்காக ஓடினால் முழங்காலில் மடங்கும். முதுகு அட்டையில் நெளி நீளவாக்கில் ஓட வேண்டும். அப்படியும் கழுத்தும் வாலின் நடுப்பகுதியும் ஒல்லியான இடங்கள். இரண்டு அடுக்கு ஒட்டி, பெரிய புத்தகங்களை மேலே வைத்து இரவு முழுக்கக் காயவிட்டால் தாங்கும். அடுக்கு இரட்டித்தால் அதன் மேல் உட்காரும் விலாவின் காடியும் 3-லிருந்து 6 மி.மீ. ஆக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மடித்து ஒட்டுவது

கேனான் நிறுவனத்தின் கிரியேட்டிவ் பார்க் தளத்தில் அச்சுத்தாள்கள் இலவசம். கணினியில் முப்பரிமாண உருவம் வைத்திருந்தால் பெப்பகுரா டிசைனர் என்ற மென்பொருள் அதை மடிப்புத் தாளாக விரித்துத் தரும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் அதற்கு ஒரு இணைப்பு உண்டு. 60 செ.மீ. டைரனோசாரஸுக்குச் சாதாரணமாகப் பன்னிரண்டு, பதினைந்து ஏ4 பக்கம் பிடிக்கும்.

தாளின் கனம்தான் முதல் முடிவு. ஜெராக்ஸ் எடுக்கும் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் செய்தால் வயிறு உள்ளே குழிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் போட்டால் மடிப்பில் வெடிக்கும். 160 முதல் 200 வரை சரி. கடைக்காரர் பளபளப்பான ஆர்ட் கார்டை எடுத்து நீட்டுவார், வாங்காதீர்கள். பசை பிடிக்காது, மடித்த இடத்தில் மையும் உரிந்து வெள்ளைக் கோடு விழும். லேசர் அச்சில் இந்த உரிதல் எப்போதும் கொஞ்சம் இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் கலையாது. இங்க்ஜெட்டில் உரியாது, ஆனால் பசை பட்ட விரல் தொட்ட இடமெல்லாம் நிறம் கலங்கும். கைக்கு வேர்க்கிறவர்களுக்கு லேசர் நல்லது; உரிந்த ஓரத்தைக் கலர் பென்சிலால் தேய்த்து மறைத்துவிடலாம்.

அச்சிடும்போது அசல் அளவா, பக்கத்துக்குப் பொருத்துவதா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை மாற்றக் கூடாது. எல்லாப் பக்கமும் 97 சதவீதத்தில் வந்தால் டைனோசர் கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கெட்டுப்போய் இன்னொரு நாள் வேறு கடையில் எடுத்தால்தான் வினை. 30 செ.மீ. சுற்றளவு உள்ள இடுப்பு வளையத்தில் 3 சதவீதம் என்பது 9 மி.மீ. அந்த இடைவெளியை எந்தப் பசையும் மூடாது.

வெட்டுவதற்கு முன்பே மடிப்புக் கோடுகளை அழுத்திவிட வேண்டும். முழுத் தாளாக இருக்கும்போது அது நகராது. வெட்டிய பிறகு சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது அவஸ்தை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா இதற்கென்றே செய்தது போல இருக்கும். வெளிப்பக்கம் கூராக நிற்க வேண்டிய மடிப்பை அச்சுப் பக்கத்தில் அழுத்துங்கள். உட்பக்கம் பள்ளமாக மடியவேண்டிய கோட்டின் இரு முனையிலும் குண்டூசியால் குத்தி, தாளைத் திருப்பிப் பின்பக்கம் அழுத்த வேண்டும். அழுத்தாமல் மடித்தால் கோட்டுக்கு அரை மி.மீ. தள்ளித்தான் மடியும். முதலில் சொன்ன அந்த அரை மில்லிமீட்டர் இங்கேதான் பிறக்கிறது.

ஃபெவிகாலை டப்பாவிலிருந்து நேராகப் பிழியாமல், ஒரு மூடியில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். கொஞ்சம் நீர் வற்றிக் கெட்டியானதைப் பல்குத்தும் குச்சியால் ஒட்டுப்பட்டையில் மெல்லிசாகத் தேய்த்து, அரை நிமிடம் பிடித்தால் போதும். நீர்த்த பசை தாளை நெளியவைக்கும், பட்டைக்கு வெளியே வழிந்து பளபளவென்று காய்ந்து கிடக்கும்.

பெரும்பாலான குறிப்புத்தாள்கள் தலையில் ஆரம்பிக்கச் சொல்கின்றன. அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. இடுப்பு வளையத்தில் ஆரம்பித்து, ஒரு பக்கம் வாலுக்கும் இன்னொரு பக்கம் கழுத்துக்கும் போனால் சேர்ந்துகொண்டே போகும் பிசகு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் முதுகின் நடுவில் ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குக் கோடு பொருத்திக்கொண்டே போனால் வால் திருகாது. வளையங்கள் முட்டை வடிவமாக நசுங்குவதைத் தடுக்க, மூன்று வளையத்துக்கு ஒன்று உள்ளே ஒரு குறுக்குத்தட்டு வையுங்கள், வளையத்தைவிட 1 மி.மீ. சின்னதாக. பழைய கல்யாணப் பத்திரிகை இதற்கு அருமையான அட்டை. கடைசியாக மூடும் பகுதி வயிற்றுக்கு அடியில் வரட்டும். அங்கே உள்ளே விரல் விட முடியாது, கொஞ்சம் கோணலாகத்தான் மூடும், யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

கூழ்

கொலு பொம்மையும் விநாயகர் சதுர்த்திச் சிலையும் காகிதக் கூழில் செய்கிற ஊர்களில் இது புது வித்தை அல்ல. அங்கே அச்சில் அழுத்தி எடுப்பார்கள். நமக்கு அச்சு இல்லாததால் எலும்புக்கூட்டின் மேல் ஏற்றுகிறோம்.

பெட்டி அட்டையில் பக்கவாட்டு உருவம் வெட்டி, இருபுறமும் செய்தித்தாளைக் கசக்கி வைத்து மாஸ்கிங் டேப் சுற்றி வடிவம் கொண்டுவர வேண்டும். டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், உள்ளே தொளதொளவென்று இருந்தால் மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் அமுங்கும். பசைக்கு 1 கப் மைதாவை 1 கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 4 கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி போலத் தெளியும். இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்தால் புளித்துவிடும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம். அதற்குப் பதில் கடைசி அடுக்கை மட்டும் ஃபெவிகால் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலவையில் ஒட்டிவிடலாம்.

தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், 2 அல்லது 3 செ.மீ. அகலத்தில். கிழிந்த ஓரம் மெலிந்து பக்கத்துத் தாளோடு கரைந்துவிடும். வெட்டிய ஓரம் வர்ணம் அடித்த பிறகும் வரிவரியாகத் தெரியும். ஒரு அடுக்கு தமிழ்ப் பேப்பர், அடுத்த அடுக்கு இங்கிலீஷ் பேப்பர் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். மொத்தம் நான்கு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காய்ச்சல். ஈரத்தின் மேல் ஈரம் ஏற்றினால் வெளியே காய்ந்து உள்ளே புழுங்கும். ஒரு வாரம் கழித்து வயிற்றைத் தட்டினால் மத்தளச் சத்தத்துக்குப் பதில் மந்தமான சத்தமும், பூஞ்சை வாடையும் வரும். அதைக் காப்பாற்ற வழியில்லை, அந்த இடத்தை அறுத்து எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான்.

தோலின் சொரசொரப்புக்கும் புருவ எலும்புக்கும் முட்டை அட்டையை இரவு ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்து, ஃபெவிகாலும் சாக் பவுடரும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்துகொள்ளுங்கள். 3, 4 மி.மீ. கனத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் காயும்போது சுருங்கிக் கழுத்தில் வெடிக்கும். உச்சி வெயிலில் வைக்காமல் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வர்ணத்துக்கு முன் வெள்ளை அடித்தளம் அவசியம், இல்லாவிட்டால் செய்தித்தாள் மை கசியும். மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும். மேட் வார்னிஷ் கேட்டு வாங்குங்கள்.

எந்த டைனோசருக்கு எது

டைரனோசாரஸ் இரண்டு காலில் நிற்கும் தராசு. முன்னால் தலையும் மார்பும், பின்னால் வால், நடுவில் இடுப்பு. சூ-வின் அசல் மண்டை கனம் அதிகம் என்பதால் அதைத் தனியே வைத்து, உடலில் நகல் மண்டையைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். அந்த உடலும் இரும்புச் சட்டத்தில்தான் நிற்கிறது. நம் காகிதத்துக்கும் அதே பிரச்சினை. சொருகு அட்டையில் எடை சீராகப் பரவியிருப்பதால் பெரும்பாலும் தானே நிற்கும். மடித்த தாளில் தலைப்பக்கம் மடிப்புகள் அதிகம் என்பதால் மூக்கு குத்தும். வாலின் உள்ளே இரண்டு மூன்று வாஷர் ஒட்டி மூடிவிடுங்கள். எத்தனை வேண்டும் என்பதை வாலை மூடுவதற்கு முன்பே டேப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கூழில் செய்தால் கால் வழியாகக் கம்பி விட்டு ஒரு பலகையில் முறுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

வாலைத் தரையில் ஊன்றிவிட்டால் நிற்குமே என்று தோன்றும். பழைய படங்களில் அப்படித்தான் இருக்கும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமே 1915-ல் தன் டைரனோசாரஸை நிமிர்ந்து, வால் தரையில் இழுபடும்படி நிறுத்தியிருந்தது. 1990-களில் அதைக் கழற்றி, முதுகும் வாலும் தரைக்கு இணையாக இருக்கும்படி மாற்றி நிறுத்தினார்கள். அச்சுத்தாள் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள். விரல் இரண்டா, உள்ளங்கை ஒன்றையொன்று பார்க்கிறதா என்றும் பாருங்கள். மூன்று விரலோடு கையைக் கீழ்நோக்கித் தொங்கவிட்ட அச்சுகள் இன்னும் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

டிரைசெராடாப்ஸ் மடித்து ஒட்டுவதற்கென்றே பிறந்தது. கழுத்துக் கவசம் தட்டை, கொம்பு கூம்பு, நான்கு காலில் ஆடாமல் நிற்கும். இந்த முறையில் முதல் உருவம் இதுவாக இருக்கட்டும்.

ஸ்டெகோசாரஸைச் சொருகு அட்டையில் செய்யும்போது முதுகுத் தகடுகளை முதுகு அட்டையோடு சேர்த்து ஒரே வரிசையில் வெட்டிவிடுவார்கள். அது தப்பு. 17 தகடும் இரண்டு வரிசையாக, ஒன்று விட்டு ஒன்றாக நின்றவை. விலாத் துண்டின் மேல்முனையில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. தள்ளிச் சின்னக் காடி போட்டு, ஒரு விலாவில் இடது, அடுத்த விலாவில் வலது என்று சொருகினால் சரியாக வரும். அதற்காக விலாவின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி உயரம்தான். முன்னங்கை எலும்பில் இறகு பதிந்த முடிச்சுகள் 2007-ல் கண்டறியப்பட்டன. அதைச் சொட்டையாகச் செய்வதில் அர்த்தமில்லை. கூழ் உடம்பின் மேல் தாளில் இறகு வெட்டி, வாலிலிருந்து முன்னோக்கி ஓடு வேய்வது போல அடுக்கடுக்காக ஒட்டலாம்.

நீண்ட கழுத்து, பருத்த வயிறு உள்ளவற்றுக்குக் கூழ். நம் நாட்டுச் சரக்கு வேண்டுமென்றால், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பாரபாசாரஸ் எலும்புக்கூட்டின் படங்களைப் பார்த்துச் செய்யலாம். குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயர் பெற்ற ராஜாசாரஸுக்கு, அதே குடும்பத்து மஜுங்காசாரஸின் அச்சுத்தாளை எடுத்து நெற்றிக் கொம்பை மட்டும் மாற்றினால் ஏறக்குறைய சரியாக வரும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து 1987-ல் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் கிடைத்தவை சில எலும்புத் துண்டுகள் மட்டுமே, அவையும் பிறகு பொடிந்து போயின. நீண்ட கழுத்துள்ள டைட்டனோசார் வகையின் பொதுவான உடம்பைச் செய்து, பெயர்ப்பலகையில் "கற்பனை உருவம்" என்று எழுதிவிடுங்கள்.

ஒரிகாமியை இங்கே சேர்க்கவில்லை. ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் இஸ்ஸெய் யோஷினோவின் டைரனோசாரஸ் எலும்புக்கூடு 21 சதுரத் தாளில் வெட்டும் பசையும் இல்லாமல் எழும் அற்புதம். ஆனால் அது வேறு பயிற்சி, வேறு பொறுமை.

நேரம், மழை, பிள்ளைகள்

சொருகு அட்டைக்கு இரண்டு மாலை. மடித்து ஒட்ட 20 மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செய்தால் கை நடுங்கி வெட்டு கெடும். கூழுக்குக் கைவேலை ஆறேழு மணி நேரம்தான், காய்வதற்கு ஒரு வாரம். திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும், இன்று வெள்ளி என்றால் சொருகு அட்டை ஒன்றே வழி. ஐப்பசி, கார்த்திகையில் கூழைத் தொடாதீர்கள். எட்டு வயதுக்குக் கீழே பிளேடு கொடுக்க முடியாது. வெட்டுவது பெரியவர், சொருகுவது பிள்ளை என்று பிரித்துக்கொள்ளலாம். கூழில் அவர்கள் முழங்கை வரை இறங்கலாம், தரைக்கு மட்டும் பழைய பாய் விரித்துவிடுங்கள்.

செலவு மடித்து ஒட்டுவதில்தான் அதிகம், அதில் முக்கால்வாசி கலர் அச்சுக்குப் போகும். மற்ற இரண்டும் வீட்டுக் கழிவுதான். பிளேடும் டேப்பும் பசையும் வர்ணமும் மட்டும் வாங்க வேண்டும்.

இரண்டு முறையைக் கலக்கலாமா என்றால், கலப்பதுதான் நல்லது. காடி தளர்ந்து ஆடுகிற சொருகு எலும்புக்கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விலாக்களுக்கு இடையில் செய்தித்தாளைத் திணித்து டேப் சுற்றினால், கசக்கிய தாளில் கண் மதிப்பாகச் செய்ததைவிட வடிவம் சரியாக உள்ள கூழ்ச்சட்டம் கிடைக்கும். பல்லுக்கும் நகத்துக்கும் கூழ் வேண்டாம். இந்த அளவில் வெளியே தெரியும் பல் 7 மி.மீ. கூட இருக்காது, கூழில் பிடித்தால் பருக்கைச் சோறு மாதிரி இருக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ரம்பம் போல ஒரே பட்டையாக வெட்டி, தாடையின் உட்பக்கம் ஒட்டி, வெளிப்பக்க ஈறை மட்டும் கூழால் மூடுங்கள். வர்ணம் அடித்து முடித்த பிறகுதான் இந்தப் பட்டையை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல்லுக்கு நடுவே தூரிகை போகாது.